எஸ்தர் என்னும் நாய் குறித்துச் சேலையூர் அன்பர்களுக்கு

1

வட ஜெர்மனியின் சிறுநகர் ஒன்றிலிருந்து சேலையூர் வாழ் அன்பர்களுக்கு வணக்கம். நம் காலனி அன்பர் ஒருவர் சென்ற மாதம் எனக்கு ஒரு கடிதம் வரைந்திருந்தார். அவருடைய மகன் குடும்பத்தோடு இந்நாட்டுக்குக் குடிவரவிருக்கிறாராம். இங்கு நாய் வளர்க்கலாமா, தோட்டம் போடலாமா, ஊருக்குத் தொலைபேசியில் பேசுவது எப்படி என்று மூன்று வினாக்களைக் கேட்டிருந்தார். மூன்றுக்கும் தனித்தனியே விடையெழுதத்தான் அமர்ந்தேன். ஆனால் என் வாழ்வில் இம்மூன்றும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தவை. பிரித்தெழுத இயலவில்லை. ஆகவே நடந்ததை நடந்தவாறே எழுதி, காலனி மலருக்கே அனுப்பிவைக்கிறேன். பயனுள்ள பகுதிகளை அந்த அன்பர் எடுத்துக்கொள்வாராக.

என்னை அறியாத புதுக் குடித்தனக்காரர்களுக்காக இரண்டு வரிகள். நான் சாமுவேல். குரோம்பேட்டையில் ஒரு தோல் கூடத்தில் மேஸ்திரியாக இருந்தவன். எட்டாம் வகுப்புக்குமேல் பள்ளிக்குச் சென்றதில்லை. எழுத்து நடையை நானே படித்துப் பழகிக்கொண்டேன், பிழையிருப்பின் பொறுத்தருள்க. எண்பதுகளின் தொடக்கத்தில் என் மனைவி மேரிக்கு இங்குள்ள மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்தது. பின்னாலேயே நானும் வந்து, அதே மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கும் பணியில் சேர்ந்தேன். எங்கள் ஒரே மகள் கிரேஸ் இங்கேயே பிறந்தவள்.

சேலையூரில் எனக்கென்று இருப்பவர் என் அக்கா எஸ்தர் ஒருவரே. பள்ளியில் நெடுங்காலம் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், திருமணம் செய்துகொள்ளாதவர். எங்கள் அம்மா காலமானபின் அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். 'டீச்சர்' என்றால் உங்களில் யாரும் வழிகாட்டுவீர்கள்.

2

முதலில் நாய். இந்நாட்டில் நாய்க்கு வரி உண்டு, கழுத்தில் எண் பொறித்த வில்லை உண்டு, நகராட்சியில் பதிவேடு உண்டு. நான் ஊரில் இருந்தவரை, நாய் என்பது தெருவில் தானாக இருக்கும் ஒன்று. இங்கோ அதற்கும் எனக்கும் ஒரே கட்டடத்தில், அடுத்தடுத்த அறைகளில் பதிவு நடந்தது. என் அறையில் நாற்காலி இல்லை. நாயின் அறையில் நாற்காலியும் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் இருந்தன.

கிரேஸுக்கு அப்போது ஒன்பது வயது. படிவத்தை நிரப்பிய அலுவலக அம்மையார், மேசைமேல் கள்ளிச்செடி ஒன்றை வைத்திருந்தார். அவர் நாயின் பெயரைக் கேட்டார். நானும் மேரியும் ஒருவரையொருவர் பார்த்தோம். கிரேஸ் தயங்காமல் "எஸ்தர்" என்றாள்.

அவள் மேல் குற்றமில்லை. இந்நாட்டுப் பிள்ளைகள் தமக்குப் பிரியமானவரின் பெயரையே பிராணிக்கு இடுகிறார்கள். அவளுடைய வகுப்புத் தோழி தன் முயலுக்குத் தாத்தாவின் பெயரை வைத்திருந்தாள். அந்தத் தாத்தா மாதந்தோறும் காரட் வாங்கிக்கொண்டு தம் பெயரிட்ட முயலைப் பார்க்க வருவார். கிரேஸ் ஆறு வயதில் சேலையூருக்கு வந்து ஒரு மாதம் தங்கியிருந்தபோது, தினமும் காலையில் அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டவர் அக்கா. அந்த ஒரு மாதத்தை அவள் மறக்கவில்லை.

நம் பக்கத்தில் நாய்க்கு டைகர் என்று வைக்கலாம், மணி என்று வைக்கலாம். அத்தையின் பெயரை வைத்தால் அது ஏழு தலைமுறைக்குப் பேச்சு. இதை அம்மையாருக்கு விளக்கவேண்டிய ஜெர்மன் சொற்களை நான் ஒவ்வொன்றாகக் கோத்து முடிப்பதற்குள் அவர் முத்திரை குத்திவிட்டார். பெயரை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு செல்க. இது என் முதல் அறிவுரை.

வெளியே வந்ததும் மேரி சொன்னாள்: "அண்ணி காதுக்குப் போச்சுன்னா நீங்க ஊருக்கே போக வேணாம்."

"தாம்பரத்துக்கும் இங்கேயும் எவ்ளோ தூரம். எப்டிப் போகும்?" என்றேன்.

இரண்டாண்டுகள் போகாமல்தான் பார்த்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் கூறவேண்டும். நான் நாயிடம் தமிழிலேயே பேசினேன். ஆகவே அதற்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. கிரேஸ் எங்கள் கேள்விகளுக்கு ஜெர்மனில்தான் விடை கூறுவாள், நாயிடம் மட்டும் தமிழில் பேசுவாள். வா, விடு, உக்காரு, கீழ எறங்கு, வெளிய போ, அசிங்கம் புடிச்சவளே. என் மகளின் தமிழ் இவ்வளவே. கடைசிச் சொற்றொடர் மேரியின் உபயம்.

3

அடுத்து தொலைபேசி. கோடையில் நமக்கும் இவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நான்கரை. இதை மறப்பவர் ஊரில் ஒருவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டு, "என்ன விசேஷம்" என்று அவரையே கேட்பார்.

அந்நாளில் அக்கா வீட்டில் தொலைபேசி இல்லை. தெருமுனை மாவு மில்லின் எண்ணைத்தான் பி.பி. எண்ணாக எழுதி வைத்திருந்தோம். மில் உரிமையாளர் மாணிக்கத்தை உங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். ஞாயிறு மாலை நான் முதலில் ஒருமுறை அழைத்து, "டீச்சரைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். பத்து நிமிடம் கழித்து மீண்டும் அழைப்பேன். அதற்குள் அக்கா வந்து நிற்பார். அக்கா பேசுவது கேட்கவேண்டுமென்று மாணிக்கம் மோட்டாரை நிறுத்திவிடுவார். ஆகவே அரிசியும் மிளகாயும் அரைக்க வந்தவர்கள் அனைவரும் டப்பாக்களோடு நின்று, எங்கள் குடும்ப விஷயங்களை அமைதியாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை எனக்கு மூட்டுவலி என்று அக்காவிடம் சொன்னேன். மறு ஞாயிறு மில்லிலிருந்து மூன்று விதமான எண்ணெய்களுக்குச் செய்முறை கிடைத்தது.

பேசும்போது உங்கள் குரல் சற்றுத் தாமதித்து உங்களுக்கே திரும்பி வரும். அதற்குப் பதில் சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிறுதோறும் அழைக்குமுன் எஸ்தரைக் குளியலறையில் அடைத்துவிடுவது எங்கள் வழக்கம். அங்கிருந்து குரைத்தால் மேரி குழாயைத் திறந்துவிடுவாள். "என்னடா, எப்பப் பாத்தாலும் யாராவது குளிச்சிக்கிட்டே இருக்கீங்க" என்று அக்கா கேட்பார்.

"குளிர் நாடு அக்கா" என்பேன். அது எவ்வகையிலும் விடையாகாது. ஆயினும் அவர் ஏற்றுக்கொண்டார்.

4

தோட்டம் பற்றிச் சுருக்கமாகக் கூறுகிறேன். வீடு மூன்றாம் மாடியில் இருப்பினும் ஊருக்கு வெளியே சிறு தோட்டத் துண்டு ஒன்றை வாடகைக்குப் பெறலாம். அதில் ஒரு பகுதி கட்டாயம் காய்கறியாக இருக்கவேண்டும். வேலி இன்ன உயரத்தைத் தாண்டலாகாது. மதிய வேளையில் ஓசை கூடாது. தோட்டச் சங்கத் தலைவர் ஒருவர் அளவுகோலோடு வருவார்.

அக்கா விமானத் தபாலில் தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கிய புடலை விதைகளை மடித்து அனுப்பியிருந்தார். கண்ணாடிக் கொட்டகைக்குள் போட்டேன். ஒருவரும் எதிர்பாராத வண்ணம் காய்த்தது. காய் சுருளாமல் நேராக வளர, நாம் நுனியில் கல் கட்டுவோம் அல்லவா. நானும் கட்டினேன். மறுவாரம் தலைவர் வந்து, பதினொரு காய்களும் ஆளுக்கொரு கல்லோடு தொங்குவதைக் கண்டு, கற்களின் நோக்கத்தை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டார்.

அக்காவிடம் சொன்னேன். "முதுகு கூனாம வளர்றதுக்குன்னு எழுதிக் குடுடா. வேணும்னா அவன் காய்க்கும் ஒண்ணு கட்டிவிடு" என்றார். அவ்வாறே எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து, தலைவரின் வெள்ளரிக்காய் ஒன்றில் சிறு கூழாங்கல் தொங்கக் கண்டேன்.

முதற்காயைப் பறித்து வந்து சமையலறை மேசைமேல் வைத்தது ஒரு ஞாயிறு. அன்று அக்காவுக்குக் காயின் நீளத்தைச் சொல்லவேண்டுமென்ற பெருமிதத்தில் இருந்தேன். இந்நாட்டுக் குளியலறைக் கதவுகளுக்கு வெளிப்புறம் தாழ்ப்பாள் கிடையாது. கைப்பிடியைக் கீழே அழுத்தினால் திறந்துகொள்ளும். இது நாய்க்குத் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"என் கை நீளத்துக்கு மேலேயே இருக்குக்கா" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கையில், எஸ்தர் மேசைமேல் ஏறிப் புடலங்காயைக் கவ்வியது. கிரேஸ் தன் தமிழ் முழுவதையும் ஒரே மூச்சில் பயன்படுத்தினாள்.

"எஸ்தர், கீழ எறங்கு. எஸ்தர், விடு. அசிங்கம் புடிச்சவளே, வெளிய போ."

சேலையூரில் மோட்டார் நின்றிருந்தது. கம்பியில் எந்த இரைச்சலும் இல்லை.

"யாருடா அது, என்னை வெளிய போன்றது?"

"கிரேஸ்தான். உன்ன இல்லக்கா."

"பின்ன எந்த எஸ்தர?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. ஆனால் அக்காவிடம் நான் சொன்ன பொய்கள் எதுவும் சிறுவயது முதல் நின்றதில்லை. "நாயக்கா" என்றேன்.

"நாய்க்கா எம் பேர வச்சிருக்கீங்க?"

வகுப்பில் கடைசி பெஞ்சை எட்டும் குரல் அது. மில் முழுவதும் எட்டியிருக்கவேண்டும். பின்னாலிருந்து ஒரு பெண்மணி, "இன்னாது, டீச்சர் பேரையா?" என்று கேட்டது எனக்கே கேட்டது. பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது. எஸ்தர் புடலங்காயைப் பாதி தின்றுவிட்டு மீதியை என் காலடியில் வைத்தது.

5

மறு ஞாயிறு அழைத்தேன். மாணிக்கம் எடுத்தார்.

"டீச்சரு வரமாட்டேன்ட்டாங்க சார். நானே நேர்ல போய்க் கூப்ட்டேன். எஸ்தரு அங்கயே கீது, அதாண்ட பேசிக்கச் சொல்லுன்னாங்க. செம கோவத்துல கீறாங்க."

"நான் மன்னிப்புக் கேட்டதாச் சொல்லுங்க மாணிக்கம்."

"சொல்றேன் சார். நாய் இன்னா கலரு? இங்க எல்லாம் கேக்குறாங்க."

"பழுப்பு."

"பிரவுனாம்" என்று அவர் பின்னால் திரும்பி அறிவித்தார். "எவ்ளோ பெர்சு சார்? டீச்சரு மாதிரியே கத்துமா?"

ஆறு ஞாயிறுகள் இவ்வாறு சென்றன. பத்து ஆண்டுகளாக வாரம் தவறாமல் கேட்டுவந்த குரல் அது. சலவைக் கூடத்தில் ஆறு நாட்கள் நான் கேட்கும் ஓசை இயந்திரங்களுடையது. ஏழாம் நாள் என்னை 'டேய்' என்று ஒருவர் அழைப்பதற்காகவே அந்த ஆறையும் கடந்துவந்தேன் என்பது, அக்குரல் நின்றபின்பே எனக்கு விளங்கிற்று. மாணிக்கம் ஒவ்வொரு முறையும் மோட்டாரை நிறுத்தினார். நானும் அவரும் அந்த அமைதியில் நாயைப் பற்றிப் பேசினோம்.

அவ்வருட டிசம்பர் விடுமுறையில் கிரேஸைத் தனியே சேலையூருக்கு அனுப்புவதாக ஏற்பாடு. மூன்று வாரம், கிறிஸ்துமஸ் அத்தை வீட்டில். பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. ஒரே வரி. "உங்கள் வீட்டிலேயே ஓர் எஸ்தர் இருக்கிறபடியால், கிரேஸைப் பார்த்துக்கொள்ள இங்கே இன்னொருத்தி தேவைப்படாது."

கிரேஸிடம் இதை எவ்வாறு கூறுவதென்று தெரியாமல் கூறினேன். அவள் நெடுநேரம் நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். "எனக்குப் பிடித்தவர் பெயரைத்தானே வைத்தேன். அதற்கு ஏன் கோபம்?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

மேரிதான் முடிவெடுத்தாள். "பேர மாத்திடுங்க. சும்மா வாயால இல்ல. ஆபீஸ்ல போய் மாத்தி, சீல் வாங்கி, அண்ணிக்கு அனுப்புங்க. அவங்க டீச்சரு. எழுத்துல இருந்தாத்தான் நம்புவாங்க."

6

பெயர் தேடுவது எளிதென்று எண்ணினேன். மூவரும் தாளை எடுத்துக்கொண்டு அமர்ந்தோம். வேதாகமத்துப் பெண் பெயர்கள் யாவும் உறவினர்க்குப் போயிருந்தன. மலர்ப் பெயர்கள் தெருவாருக்கு. நதிப் பெயர்கள் அக்காவுடன் பணியாற்றிய ஆசிரியைகளுக்கு. மாதங்களின் பெயர்களைப் பார்த்தோம். என் சித்தப்பாவின் மகள் ஜூன்.

"நம்ம சொந்தத்துல மிக்ஸின்னு யாரும் இல்ல" என்றாள் மேரி. ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸி அவள் எதிரே இருந்தது. இரு பக்க உறவுகளையும் ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். அவள் கூறியது சரிதான்.

கள்ளிச்செடி அம்மையார் படிவத்தைத் தந்தார். நாயின் பெயரை மாற்றுவதற்கும் படிவம் இருந்தது. ஆனால் அதை எடுக்க அவர் நாற்காலிமேல் ஏறவேண்டியிருந்தது. பழைய பெயர், புதிய பெயர், காரணம் என்று மூன்று கட்டங்கள். காரணத்தை விளக்க எனக்கு ஒரு முழுத்தாள் தேவைப்பட்டிருக்கும். கட்டமோ என் கட்டைவிரல் அளவு. 'அத்தை' என்று மட்டும் எழுதினேன்.

அவர் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னை நோக்கினார். "இறந்துவிட்டாரா?"

"இல்லை. பேசுவதில்லை."

"எனக்கும் ஓர் அத்தை இருக்கிறார்" என்று கூறி முத்திரையிட்டார். பதிவேட்டிலிருந்து எதையும் நீக்கும் வழக்கம் இல்லாத காரணத்தால், சான்றிதழில் 'மிக்ஸி, முன்னர் எஸ்தர்' என்று அச்சாகியிருந்தது.

நகலெடுத்து, கீழே தமிழில் மொழிபெயர்த்துக் கையொப்பமிட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

7

மூன்றாம் வாரம் மாணிக்கத்தின் குரலில் உற்சாகம் இருந்தது. "டீச்சரு வந்துகினு கீறாங்க சார். கவுர்மெண்ட் சீலு பாத்துட்டாங்க. இங்க அல்லாருக்கும் காட்டுனாங்க. நாங்களும் பாத்தோம்."

அக்கா வந்தார். நலம் விசாரிக்கவில்லை. "ஃபோன நாய்ட்ட குடு."

"அக்கா, அது..."

"குடுடா."

ரிசீவரை நாயின் காதருகே பிடித்தேன். நாங்கள் மூவரும் மூன்று வாரங்களாக அதனை மிக்ஸி என்றே அழைத்துவந்தோம். ஒருமுறையும் அது திரும்பிப் பார்த்ததில்லை. இதை நான் தபாலில் குறிப்பிடவில்லை.

"மிக்ஸி" என்றது சேலையூர். நாய் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது. "மிக்ஸி, ஏ மிக்ஸி." நாய் கொட்டாவி விட்டது. பிறகு வருகைப் பதிவேட்டைப் படிக்கும் அதே குரலில், "எஸ்தர்."

அது துள்ளி எழுந்தது. முன்னங்கால்கள் இரண்டையும் தொலைபேசி மேசைமேல் வைத்து, வாலால் சுவரை அடித்துக்கொண்டு, பதில் சொல்வது போலவே குரைத்தது. நிறுத்தவே இல்லை. கிரேஸ் அதன் வாயைப் பொத்தினாள். எல்லாம் முடிந்ததென்று எண்ணியே நான் ரிசீவரைக் காதில் வைத்தேன்.

"என்னடா, இப்டித் துள்ளுது?"

"அந்தப் பேருக்குத்தான் வருதுக்கா. நாங்க என்ன செய்யட்டும்?"

"ஒரு நாளைக்கு எத்தன வாட்டி கூப்புடுவீங்க?"

"எண்ணினதில்ல. முப்பது நாப்பது வாட்டி இருக்கும். கிரேஸ் காலையில கண்ணத் தொறந்ததும் கூப்புடுவா. ஸ்கூல் விட்டு வந்தா மாடிப்படியிலேர்ந்தே கூப்புட்டுக்கிட்டு வருவா."

அப்போது அக்கா சொல்வது கேட்டது. என்னிடமல்ல.

"மாணிக்கம், மிஷினப் போடு."

"பேசிகினு கீறீங்களே டீச்சர்."

"போடுன்றேன்ல."

மோட்டார் ஓடத் தொடங்கியது. எங்களுக்காகப் பத்து ஆண்டுகளாக நிறுத்தப்பட்டுவந்த மோட்டார் அது. அந்த இரைச்சலுக்கு நடுவே அக்கா வாயை ரிசீவரோடு ஒட்டி வைத்துப் பேசினார். நான் மறுகாதை விரலால் அடைத்துக்கொண்டு கேட்டேன்.

"சாமு, அம்மா போய் ஆறு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் எம் பேர யாருடா கூப்ட்டா? தெருவுல டீச்சர். சர்ச்சுல பெரியம்மா. நீ அக்கான்ற, உம் பொண்டாட்டி அண்ணின்றா. ரேஷன் கடையில கார்டு நம்பர். பேங்க்ல கூப்புடுவான், அதுவும் இனிஷியலோட. அந்த நாய் நாளைக்கு நாப்பது வாட்டி கேக்குது."

எஸ்தர் இன்னும் வாலால் சுவரை அடித்துக்கொண்டிருந்தது.

"பேர மாத்தாத."

"மாத்தியாச்சேக்கா. முத்திரையெல்லாம் போட்டாச்சு."

"அது உன் பாடு. ஆனா ஒண்ணு. மரியாதையாக் கூப்புடணும். அசிங்கம் புடிச்சவளே கிசிங்கம் புடிச்சவளேன்னு இன்னொரு தரம் காதுல விழுந்துச்சுன்னா, டிசம்பர்ல வர்றவளுக்குத் தல பின்னிவிட மாட்டேன்னு சொல்லு."

அன்று முதல் எங்கள் வீட்டில் அந்த நாயை யாரும் ஒருமையில் அழைப்பதில்லை. எஸ்தர், வாங்க. எஸ்தர், கீழ எறங்குங்க. எஸ்தர், அந்தச் செருப்ப விட்டுடுங்க. இதனால் விளைந்த நன்மை ஒன்றுண்டு. டிசம்பரில் சேலையூருக்கு வந்த கிரேஸ், "வாங்க", "உக்காருங்க", "எறங்குங்க" என்று பெரியவர்களிடம் பேசியதைக் கேட்டு, வெளிநாட்டில் பிறந்த பெண்ணுக்கு இவ்வளவு மரியாதையா என்று உங்களில் பலர் வியந்தீர்கள். அவளை இந்த அளவுக்கு வளர்த்தது யார் என்று மாணிக்கம் அக்காவிடமே கேட்டாராம். அக்கா சிரித்தார் என்று கேள்வி.

ஆனால் அது பின்னர் நடந்தது. அந்த ஞாயிற்றுக்கு மறுநாள், சலவைக் கூடத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, நான் மீண்டும் நகராட்சிக்குச் சென்றேன். அம்மையார் என்னைக் கண்டதும் ஒன்றும் கேளாமல் நாற்காலிமேல் ஏறிப் படிவத்தை எடுத்துத் தந்தார். பழைய பெயர் மிக்ஸி. புதிய பெயர் எஸ்தர். காரணம் என்ற கட்டத்தில் வேறு எதை எழுதுவதென்று சற்று யோசித்துவிட்டு, முன்பு எழுதியதையே எழுதினேன். அத்தை.

"பேசிவிட்டாரா?" என்று கேட்டார்.

"பேசிவிட்டார்" என்றேன். முத்திரையை எடுத்தார்.